கேமரன் மலைக் குளிரில் கேம்பர்வேன்: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

தீபாவளிப் பலகாரம் தீர்ந்த பிறகு, கிறிஸ்மஸ் கூட்டம் கிளம்புவதற்கு முன், கேமரன் மலை சில வாரங்கள் அமைதியாக இருக்கும். தாப்பா சாலையில் வாகன வரிசை இல்லை. முகாம் தளத்தில் பாதி இடம் காலி. கீரைக்கடைக்காரர் நின்று பேசுவார். மதியம் பிடிக்கும் மழை சில நாள் இரவு வரை விடாது. தானா ராத்தாவில் இரவு வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கும். கோலாலம்பூரிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு, படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர்வேனில் போகிறவர்களுக்கு நான் சொல்லும் காலம் இதுதான். வேன் தன் கோளாறுகளை எல்லாம் காட்டுவதும் இந்தக் காலத்தில்தான்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் குளிர்காலக் குறிப்புகள் பெரும்பாலும் பனி விழும் நாடுகளுக்கு எழுதப்பட்டவை. தண்ணீர்க் குழாய் உறையும், டீசல் கெட்டிப்படும், லித்தியம் பாட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்றெல்லாம் இருக்கும். உண்மைதான், ஆனால் நம் மலைக்கு அவை வேண்டாம். நமக்கு வரும் தொல்லைகளில் முக்கால்வாசிக்கு மூலம் ஈரம். நம் வீட்டு வாசலில் 32 டிகிரி வெயிலில் சோதித்துப் பார்த்து எல்லாம் சரி என்று கிளம்பிய வேன், 1,400 மீட்டர் உயரத்தில் வேறு விதமாக நடந்துகொள்ளும். எந்த அறிகுறி தெரிந்தால் எங்கே கைவைக்க வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன். உயிர் சம்பந்தப்பட்டதை முதலில் வைக்கிறேன்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், அசதி

மலைப்பாதை வளைவுகளில் வந்த தலைசுற்றல் என்று நினைத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள். வேன் நின்று நெடுநேரம் ஆன பிறகும் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலை வலித்தால், கார்பன் மோனாக்சைடு என்றே எடுத்துக்கொண்டு நடவடிக்கையில் இறங்குங்கள். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே இறக்குங்கள்; தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். அடுப்பையும் இன்ஜினையும் அணைத்துவிட்டு 999-ஐக் கூப்பிடுங்கள். வெளிக்காற்று பட்டதும் தலைவலி விட்டுவிட்டதே என்று மறுபடி உள்ளே போய்ப் படுக்கக் கூடாது. வெளியே வந்ததும் தெளிகிறது என்றால், உள்ளே விஷவாயு இருந்தது என்ற சந்தேகம் வலுக்கிறது. தானா ராத்தாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கே போய்க் காட்டுங்கள்.

எங்கிருந்து வருகிறது? மூன்று இடம். குளிர் காய்வதற்காக எரியவிட்ட கேஸ் அடுப்பு. மழை வந்ததும் உள்ளே தூக்கி வைத்த பார்பெக்யூ தணல்; புகை அடங்கிச் சிவந்திருக்கும் கரி ஆபத்தில்லாதது போலத் தெரியும், ஆனால் அதுதான் இந்த வாயுவை அதிகம் கக்கும். மூன்றாவது, ஓடவிட்ட இன்ஜின். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஏர்கண்டிஷனைப் போட்டுக்கொண்டு தூங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மலையில் வேனின் பின்பக்கம் மண்மேட்டை ஒட்டி நின்றால் புகை போக வழியின்றி அடியிலேயே தங்கி உள்ளே ஏறும். நாலு பக்கமும் துணி கட்டிய கூடாரத்துக்கும் இதே விதிதான்.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கும் உயரத்தில் மாட்டுங்கள். கேஸ் கசிவு அலாரம் வேறு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, ஆகவே அது தரையை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்றை வாங்கிவிட்டு இன்னொன்றின் வேலையையும் அது பார்க்கும் என்று இருக்காதீர்கள்.

காலையில் கண்ணாடியும் கூரையும் நீர் வழிகின்றன

அதிகம் பேர் கேட்பது இதைத்தான்.

தூங்கும் ஒரு மனிதரிடமிருந்து மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீராவி வெளிவருகிறது. நாலு பேர், எட்டு மணி நேரம் என்று வைத்தால் 1.2 லிட்டருக்கு மேல். அதோடு அடுப்பைச் சேருங்கள். ஸ்டீம்போட் அடுப்பில் போடும் 250 கிராம் பியூட்டேன் குப்பி முழுதும் எரிந்தால் ஏறக்குறைய 390 கிராம் தண்ணீர் உண்டாகும். எரிபொருளில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவதால் குப்பியின் எடையைவிட நீரின் எடை கூடுகிறது. கொதிக்கும் ரசத்தின் ஆவி இந்தக் கணக்கில் சேரவில்லை. இத்தனையும் ஒரு சின்ன அறைக்குள் அடைபட்டு, கூரைத் தகடு குளிர்ந்திருக்கும் இடத்தில் துளிர்க்கிறது. ஹையேஸ் மாதிரி வேன்களில் உள்பலகை மூடாத இரும்பு விலாக்கள் முதலில் வியர்க்கும். விரலால் தடவினால் நேர்கோடாக நீர் நிற்பது தெரியும்.

தீர்வு காற்று. இங்கேதான் வீட்டில் வாக்குவாதம் வரும். "ஜன்னலைச் சாத்துங்கய்யா, வெளிய பனி கொட்டுது, பிள்ளைக்குச் சளி பிடிச்சுக்கும்" என்பார் பாட்டி. மூடுபனியில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வந்துவிடும் என்று தோன்றுவது இயல்பு. கணக்கு வேறு. 15 டிகிரியில் காற்று எவ்வளவு நிறைந்திருந்தாலும் ஒரு கன மீட்டரில் 13 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. அந்தக் காற்று வேனுக்குள் வந்து நம் உடல் சூட்டில் 22 டிகிரிக்கு ஏறினால் 19 கிராம் வரை தாங்கும். அதாவது பனி மூட்டத்தின் காற்றுகூட உள்ளே வந்து சூடேறியதும் கூடுதல் ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியேறும். ஆகவே கீழே ஒரு ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து, கூரை விசிறியை மெதுவான வேகத்தில் வெளிநோக்கி ஓடவிடுங்கள். விசிறி இல்லாவிட்டால் எதிரெதிரே இரண்டு ஜன்னல், மேலே மழை மறைப்புப் பட்டையோடு. பாட்டியின் தலைப்பக்கத்தை மட்டும் காற்றோட்டத்துக்கு விலக்கிப் போட்டுவிட்டால் அவரும் சம்மதிப்பார்.

கண்ணாடிக்கு உட்பக்கம் வெயில் மறைக்கும் அலுமினியத் தட்டியை இறுக்கமாக வையுங்கள். நனைந்த மழைச்சட்டை, துண்டு, சிலிப்பர் எல்லாம் வெளிக்கூடாரத்தில் இருக்கட்டும். ஈரமுறிஞ்சி டப்பாக்களை நம்பாதீர்கள். துணி அலமாரிக்கு அவை நல்லவை, நாலு பேர் தூங்கும் வேனுக்குப் பற்றாது.

கூரையில் ஈரம்: ஒழுகலா, வியர்வையா?

ஒரே இடத்தில் மட்டும், மழை பெய்த பிறகு மட்டும், பழுப்புக் கறையோடு வந்தால் ஒழுகல். பரவலாக, மழை இல்லாத இரவிலும் வந்தால் வியர்வை. சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, உள்ளங்கை அகலத்துக்கு அலுமினியத் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஓர் இரவு விடுங்கள். தாளின் மேல் நீர் இருந்தால் அறையின் ஈரம்; தாளுக்குப் பின்னால் இருந்தால் வெளியிலிருந்து வருகிறது.

ஒழுகல் என்றால் நீர் சொட்டும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சரிவில் நிற்கும் வேனில் அது விலா வழியே ஓடி ஒரு முழம் தள்ளிக்கூடச் சொட்டும். கூரை விசிறியின் சட்டம், சோலார் பலகையின் போல்ட்டுகள், கேபிள் நுழையும் துளை, பக்கக் கண்ணாடியின் ரப்பர், இந்த வரிசையில் பாருங்கள். மலையில் தற்காலிகமாகப் பியூட்டைல் டேப் போதும். நிரந்தர வேலையை வீடு வந்ததும் செய்யுங்கள்: ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் ரப்பர் குழாயால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி நீர் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எது ஒழுகுகிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அடைப்பதற்குப் பாலியூரித்தேன் பசை வாங்குங்கள். சாதாரண சிலிக்கோனைப் பூசிவிட்டால் பிற்பாடு வேறு எந்தப் பசையும் அதன்மேல் பிடிக்காது, சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மெத்தை மேலே காய்ந்திருக்கிறது, அடியில் நனைந்திருக்கிறது

உடலின் ஈரம் மெத்தை வழியாக இறங்கி, குளிர்ந்த பிளைவுட்டில் பட்டு நீராகிறது. காலையில் மெத்தையை மடித்து நிமிர்த்தி வையுங்கள். பல் துலக்கிப் பசியாறி முடிக்கும் நேரமே கூடப் பெரிய வித்தியாசம் செய்யும். பலகையில் துளைகள் போடுவதும், அதைவிட நல்லதாக, இடைவெளி விட்ட மரச்சட்டங்களாக மாற்றுவதும் நிரந்தரத் தீர்வு. பலகையில் கரும்புள்ளிகள் தெரிந்தால் கடைசிப் பகுதியைப் படியுங்கள்.

கம்பளி கனமானதுதான், ஆனாலும் குளிர் விடவில்லை

மேலே இரண்டு கம்பளி, கீழே மெலிந்த ஸ்பான்ஞ் என்று படுத்தால் முதுகு வழியே சூடு போய்விடும். ஒரு கம்பளியை உடலுக்கு அடியில் மாற்றுங்கள். பகலில் போட்ட காலுறை வியர்வையில் ஊறியிருக்கும். படுக்கும் முன் காய்ந்த காலுறை, பிள்ளைகளுக்குக் காது மூடும் தொப்பி. ஒரு வயதுக்குக் கீழான குழந்தைக்குத் தளர்ந்த கம்பளியும் வேண்டாம், சுடுநீர்ப் பையும் வேண்டாம், தலையில் தொப்பியோடும் தூங்க வைக்க வேண்டாம். அடுக்கடுக்காக உடை போடுங்கள். மின்சார ஹீட்டர் இல்லாமலே நம் மலையில் சுகமாகத் தூங்கலாம்.

அடுப்பு பற்றுகிறது, சற்று நேரத்தில் தீ சுருங்குகிறது

குப்பியைக் குலுக்கினால் பாதி இருக்கிறது, தீயோ நுனியளவு. பியூட்டேன் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே வரை ஆவியாகும் என்பதால் 15 டிகிரியில் வேலை செய்ய வேண்டும்தானே? தொடக்கத்தில் செய்கிறது. ஆனால் திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே செலவழிக்கிறது; பெரிய தீயில் வைத்தால் குப்பி சீக்கிரம் சில்லிட்டு, வெளிப்பக்கம் வியர்க்கும். தொட்டுப் பாருங்கள், காரணம் கைக்கே தெரியும்.

இரண்டு குப்பிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்று அடுப்பில், மற்றது வெறும் அறை வெப்பத்தில் தேறட்டும். இரவில் குப்பிகளை வெளிக்கூடாரத்தில் குளிர விடாமல், வேனின் மிதமான இடத்தில், அடுப்பிலிருந்து கழற்றி வையுங்கள். சுடுநீரில் முக்குவது, தீயருகே காட்டுவது, குப்பியைச் சுற்றிக் காற்றுத் தடுப்பு வைப்பது, குப்பியை மூடும் அளவு பெரிய சட்டி வைப்பது, இரண்டு அடுப்பை ஒட்டிப் போட்டு ஒரே தட்டைச் சூடாக்குவது: இவை எல்லாம் குப்பி வெடிக்கும் வழிகள். நீளமாகச் சமைக்கிறவர்களுக்கு, முறையாகப் பொருத்திய சிலிண்டர் அடுப்புதான் ஏற்றது. அதில் புரொப்பேனும் கலந்திருப்பதால் குளிர் அதை அசைப்பதில்லை.

தீ மஞ்சளாகி, சட்டியின் அடி கரி பிடித்தால் அது வேறு நோய். காற்று போதவில்லை அல்லது பர்னரில் அடைப்பு. உடனே அணைத்து, முதல் பகுதியில் சொன்னதை நினைவில் வையுங்கள்.

பருப்பு எத்தனை நேரம் வைத்தாலும் வேகவில்லை

பருப்பின் மேல் குற்றமில்லை. தானா ராத்தா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி தளபுளவென்று இருக்கும், சூடு குறைவு. தீயைக் கூட்டினால் கேஸ்தான் செலவாகும், வேனுக்குள் ஆவிதான் கூடும். பிரஷர் குக்கரைக் கொண்டு போங்கள், வழக்கத்தைவிட ஒரு விசில் கூடுதலாக விடுங்கள். துவரம்பருப்பைக் கிளம்பும் முன்பே ஊறவைக்கலாம். என் விருப்பம், வீட்டிலேயே சாம்பாரை வைத்து உறைய வைத்துக் கொண்டு போவது; மலையில் சூடு பண்ணினால் போதும், அரைமணி நேர ஆவி மிச்சம்.

முறுக்குப் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருந்தால் கெட்டுப் போகவில்லை. மேலே காற்றழுத்தம் குறைவு, உள்ளே அடைத்தது நம் ஊர்க் காற்று. ஷாம்பு மூடியை மட்டும் பார்த்துத் திறக்கவும்.

இரவில் விளக்கு மங்குகிறது, காலையில் பம்ப் ஓடவில்லை

கோலாலம்பூர் வெயிலில் சோலார் பலகை கொடுத்ததை மூடுபனியில் எதிர்பார்க்க முடியாது. நாள் முழுதும் மூட்டமாக இருந்தால் அதில் கால்வாசி வந்தாலே அதிகம். மீட்டர் வைத்துப் பாருங்கள். எதையும் ஓடவிடாமல் சிறிது நேரம் விட்டு அளந்தால், ஈய அமில பாட்டரியில் 12.7 வோல்ட் நிறைவு, 12.2 பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பாட்டரியின் ஆயுள் போய்விடும். இன்ஜின் ஓடும்போது, வேனுக்குள் விளக்குக்கும் பம்புக்கும் வைத்த பாட்டரியும் சார்ஜ் ஆகும்படி சார்ஜர் பொருத்தியிருந்தால், பிரிஞ்சாங் சந்தைக்குப் போய்வரும் ஓட்டமே ஓரளவு ஈடுகட்டும்.

அளவு சரியாக இருந்தும் மங்குகிறது என்றால் முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் இணைப்பைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரில் தோய்த்த பழைய பல் தூரிகையால் தேய்த்து, நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு வாஸ்லின் தடவி இறுக்குங்கள். கழற்றும்போது மைனஸ் (−) முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

தளத்துக் கரண்ட்டை இணைத்ததும் ட்ரிப் ஆகிறது

சுவிட்ச்சை மறுபடி மறுபடி மேலே தள்ளாதீர்கள், அது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு வயரை மட்டும் இணையுங்கள். அப்போதும் ட்ரிப் ஆனால் நீட்டிப்பு வயரின் இணைப்பில் மழை நீர் புகுந்திருக்கும்; புல்லில் கிடக்காமல் தூக்கிக் கட்ட வேண்டும். வயரை மட்டும் இணைத்தபோது ட்ரிப் ஆகாமல், ஏதோ ஒன்றை மாட்டும்போது ட்ரிப் ஆனால் அந்தச் சாமானை ஒதுக்கி வையுங்கள். சூடான கெட்டிலும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால்தான் போகிறது என்றால் சுமை அதிகம்: 13 ஆம்பியர் பிளக்கில் ஏறக்குறைய 3,000 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. உருளையில் சுற்றிய வயரை முழுதும் அவிழ்த்துப் போடுங்கள். சுற்றியபடி பெரிய சுமை கொடுத்தால் உள்ளே உருகிவிடும்.

குழாயைத் திறக்காமலே பம்ப் அவ்வப்போது "டுர்" என்கிறது

எங்கோ கசிகிறது. மடுவுக்கு அடியிலும் பம்பின் இரு முனைகளிலும் டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள். படுக்கும் முன் பம்பை அணைத்து வைப்பது நல்ல வழக்கம்.

இறக்கத்தில் பிரேக் மிதி ஆழமாகப் போகிறது, கருகிய வாசனை

ரிங்லெட்டிலிருந்து தாப்பா வரை பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடு திரவம் வரை போகும். இங்கும் ஈரம்தான் காரணமாக வருகிறது: பிரேக் திரவம் காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் அந்தக் குறைந்தபட்சம் 140 ஆகிவிடுகிறது. டாட் 4-க்கு 230-உம் 155-உம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகி, மிதி தளர்ந்துவிடும்.

அறிகுறி தெரிந்த கணமே கியரைக் குறையுங்கள். ஆட்டோ கியர் வண்டியில் 2 அல்லது எல். மிதியை விட்டு விட்டு அழுத்தி, அடுத்து அகலமாகத் தெரியும் ஓரத்தில் நிறுத்துங்கள். லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் நிறுத்த இடம் உண்டு. சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான டிஸ்க் வளையும் அல்லது விரிசல் விடும். தானாக ஆறட்டும். மிதி பழையபடி கெட்டியாகாவிட்டால் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம். அடுத்த முறைக்கு: இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பிரேக் திரவத்தை மாற்றுங்கள், இறங்கும் முன் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். 80 லிட்டர் என்றால் 80 கிலோ.

சரிவிலிருந்து புதிதாகக் கலங்கல் நீர், சாய்ந்த மரம், மண்ணில் விரிசல்

இது வேனின் கோளாறு இல்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலி முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். சரிவின் அடியில் வேனை நிறுத்தாதீர்கள். நேற்று தெளிவாக ஓடிய நீர் இன்று மண் நிறத்தில் வந்தாலோ, வேலிக்கம்பம் சாய்ந்தாலோ, தரையில் புது வெடிப்பு தெரிந்தாலோ, சாமானைக் கட்ட நிற்காமல் ஆட்களோடு விலகுங்கள். ஆற்றோரத்துக்கும் இதே எச்சரிக்கை. 2013 அக்டோபர் 23-ல் ரிங்லெட் சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து நீர் திறந்தபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. அணைக்குக் கீழே உள்ள கரையில் முகாம் போடாதீர்கள். அபாயச் சங்கு ஒலித்தால் மேட்டுக்கு ஏறுங்கள்.

வீடு திரும்பிய சில நாளில் வேனைத் திறந்தால் பூஞ்சை நாற்றம்

மலையிலிருந்து ஈரத்தை மூட்டை கட்டிக் கொண்டுவந்து, கொண்டோவின் அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் பூட்டி வைத்தால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. சூடும் உண்டு, ஈரமும் உண்டு, காற்று மட்டும் இல்லை. வந்த அன்றே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், மெத்தை, திரை, கம்பளி, கூடாரத் துணி நான்கையும் இறக்குங்கள். மறுநாள் வெயிலில் அலமாரிக் கதவு உட்பட எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். அடித்தளத்தில்தான் நிறுத்தியாக வேண்டும் என்றால், முதல் சில நாட்கள் ஒரு சின்ன 12 வோல்ட் விசிறியைக் கூரைத் திறப்பை நோக்கி ஓடவிடுங்கள்.

கரும்புள்ளி வந்த பலகையை முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். காய்ந்த துணியால் தட்டினால் வித்துகள் பறந்து வேன் முழுக்கப் பரவும். ஆஸ்துமா உள்ள பிள்ளை அப்போது பக்கத்தில் இருக்கக் கூடாது. உலர்ந்த பின் ஸ்குரூடிரைவர் நுனியால் பலகையைக் குத்திப் பாருங்கள். கெட்டியாக நின்றால் தேய்த்து வார்னிஷ் பூசலாம். நுனி உள்ளே இறங்கினால் பலகை உளுத்துவிட்டது, புதிதாக மாற்றுங்கள். மாற்றும்போது அதன் பின்னால் உள்ள இரும்பில் துரு பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மூடுங்கள்.